தூளி குழந்தைக்கு மட்டும்தானா?



'கேம்பிங் ஹாமக்' என்று ஒரு சாமான் இப்போது நம் வீட்டுப் பிள்ளைகள் கைக்கு வந்துவிட்டது. பாராசூட் துணி மாதிரி வழவழவென்று இருக்கும். சுருட்டினால் ஒரு தேங்காய் அளவுப் பைக்குள் அடங்கிவிடும். மலைக்கோ காட்டுக்கோ போகிறவர்கள் இதை இரண்டு மரத்துக்கு நடுவே கட்டி, உள்ளே ஏறிப் படுத்துக்கொள்கிறார்கள். பேர்தான் புதுசு. பார்த்தால் நம்ம தூளிதான்!

நண்பர்களோடு ஏலகிரிக்குப் போன என் பெரிய பையன் இதில் ஒன்று வாங்கிக்கொண்டு போனான். ஒரே ஒரு ராத்திரி படுத்தான். வந்ததும் பரண்மேல் போட்டுவிட்டான். நான் அதை இறக்கித் துவைத்து, எங்கள் மொட்டை மாடியில் கட்டி ஒரு மாதம் படுத்துப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். சும்மா ஒன்றை மட்டும் பார்த்துச் சொல்வானேன் என்று, பருத்திக் கயிற்றில் வலையாகப் பின்னிய ஊஞ்சல் ஒன்றையும் வாங்கிப் பக்கத்தில் மாட்டிப் பார்த்தேன். என் அபிப்பிராயம் இதுதான்: இது வாலிபப் பிள்ளைகள் வருஷத்துக்கு ஒரு முறை மலையேறும்போது தூக்கிப் போகிற விளையாட்டுச் சாமான் இல்லை. விடிய எழுந்து ராத்திரி வரை நிற்கிற நமக்குத்தான் முதலில் வேண்டியது. ஆனால் சோதித்துப் பார்க்காமல் ஏறவே கூடாது.

முதல் நாள் நான் அதில் படுத்ததைப் பார்த்த பக்கத்து வீட்டுப் பெண், "இன்னா யக்கா, பாப்பா மாதிரி தூளி கட்டிக்கினு ஆடறே!" என்று சிரித்தாள். அவளுக்கு இரண்டு பிள்ளைகள். இரண்டுக்கும் அவள் தூளி கட்டியிருக்கிறாள், ஆட்டியிருக்கிறாள், ஆட்டி ஆட்டிக் கை ஓய்ந்து தூளிக்குக் கீழே வெறுந்தரையில் தூங்கியும் போயிருக்கிறாள். நாம் எல்லோருமே அப்படித்தானே? நம் புடவையில்தான் தூளி. கட்டுகிறது நாம், ஆட்டுகிறது நாம். அதில் ஒரு நாளாவது நாம் படுத்தோமா?

பெரியவர்கள் படுக்கக் கூடாத பண்டம் ஒன்றும் இல்லை இது. 1492-ல் கொலம்பஸ் கரீபியன் தீவுகளில் இறங்கியபோது அங்கே இருந்த ஜனங்கள், பெரியவர் சின்னவர் எல்லோருமே, வீட்டுக்குள் தூளி கட்டித்தான் தூங்கிக்கொண்டிருந்தார்கள். 'ஹாமக்' என்கிற வார்த்தையே அவர்களுடையதுதான். கப்பல்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பிரிட்டிஷ் கடற்படைக் கப்பலில் ஒரு மாலுமிக்குத் தொங்கவிட ஒதுக்கிய அகலம் 14 அங்குலம். நம் தலையணை அகலம்கூட இல்லை! கப்பல் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் தூளி தன் போக்கில் தொங்குமே தவிர ஆளை உருட்டிவிடாது என்பதுதான் அவர்களுக்கு வசதி. மெக்சிகோவில் யுகாட்டான் என்கிற பகுதியில் இன்றைக்கும் குடும்பம் குடும்பமாக இதில்தான் தூங்குகிறார்கள். பின்னுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். பின்னுகிறவர்களே படுக்கவும் செய்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

ஆட்டினால் ஏன் தூக்கம் வருகிறது என்று சுவிட்சர்லாந்தில் ஜெனீவா பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்து 2011-ல் வெளியிட்டார்கள். மத்தியான நேரத்தில் 45 நிமிஷம், ஒரு நாள் ஆடாத கட்டிலிலும் இன்னொரு நாள் மெதுவாக ஆடுகிற கட்டிலிலும் தூங்க வைத்தார்கள். நாலு விநாடிக்கு ஓர் ஆட்டம், அவ்வளவுதான் வேகம். ஆடுகிற கட்டிலில் தூக்கம் சீக்கிரமே வந்ததாம், ஆழமாகவும் இருந்ததாம். இதைத்தான் நம் பாட்டிமார்கள் கையால் செய்தார்கள். ஒரு விஷயம் மட்டும் எனக்கு உறுத்துகிறது. அந்தச் சோதனையில் படுத்த 12 பேரும் ஆண்கள்! மத்தியானம் கண் அசருவதற்கு ஆள் தேடும்போதுகூட அங்கே நம் ஞாபகம் வரவில்லை பாருங்கள்.

சரி, எங்கே கட்டுவது? பேர்தான் புளியந்தோப்பு. எங்கள் தெருவில் தூளி கட்ட ஒரு புளியமரம் இல்லை. இருந்தாலும் ராத்திரியில் புளியமரத்தடியில் படுக்க என் மாமியார் விட்டிருக்க மாட்டார், அது வேறு கதை. எங்களைப் போல அடுக்கு வீட்டில் இருக்கிறவர்களுக்கு மொட்டை மாடிதான் கதி. அங்கேதான் ஆபத்தும் இருக்கிறது.

நிறைய பேர் கைப்பிடிச் சுவரில் கொக்கி அடித்து மாட்டிவிடுகிறார்கள். தயவு செய்து வேண்டாம். சுவரும் செங்கல் தூணும் மேலிருந்து அமுக்குகிற பாரத்தைத் தாங்கத்தான் கட்டப்பட்டவை. தூளி அவற்றைப் பக்கவாட்டில் இழுக்கும். எவ்வளவு இழுக்கும் என்று தெரிந்தால் பயந்துவிடுவீர்கள். ஓர் ஆள் 60 கிலோ என்று வையுங்கள். கயிறு தாராளமாகத் தொய்ந்து, 30 டிகிரி சரிவில் இறங்கினால், ஒவ்வொரு பக்கத்துக் கயிற்றிலும் 60 கிலோ இழுவை இருக்கும். அதையே விறைப்பாக இழுத்துக் கட்டி, படுத்த பிறகும் 10 டிகிரி சரிவுதான் இருக்கிறது என்றால் ஒவ்வொரு பக்கமும் 170 கிலோவுக்கு மேல்! ஆள் அதே ஆள்தான். இழுத்துக் கட்டினால் கெட்டி என்று நாம் நினைப்பது துணிக்கொடிக்குக்கூடச் சரியில்லை. விறைப்பாகக் கட்டிய கொடியில் ஈரப் போர்வை ஒன்றைப் போட்டதும் ஆணி பிடுங்கிக்கொண்டு வருவதைப் பார்த்திருப்பீர்களே. தூளியும் அப்படித்தான். தொய்வாகக் கட்டுங்கள். அட்டையில் 200 கிலோ தாங்கும், 300 கிலோ தாங்கும் என்று போட்டிருப்பது துணியைப் பற்றி. உங்கள் வீட்டுச் சுவரைப் பற்றி அந்த அட்டைக்கு என்ன தெரியும்?

நான் கட்டியது தண்ணீர்த் தொட்டியைத் தாங்குகிற இரண்டு கான்கிரீட் தூண்களில். அதையும் ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுத்தான் கட்டினேன். கடல் பக்கத்தில் இருக்கிற நமக்கு இது முக்கியம். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கமெல்லாம் உப்புக் காற்றில் உள்ளே இருக்கிற கம்பி துருப்பிடித்து ஊதி, சிமெண்ட் பூச்சைப் பெயர்த்துத் தள்ளியிருக்கும். கம்பி தெரிகிற தூணில் துணி காயப் போடலாம், ஆள் படுக்கக் கூடாது. கொக்கியும் அப்படியே. சாதா இரும்புக் கொக்கி இரண்டு மழைக்காலம் தாங்கினால் அதிகம். எவர்சில்வரில் வாங்குங்கள். அதையும் மாதம் ஒரு தடவை விரலால் தடவிப் பாருங்கள்.

அடுத்தது பாரச் சோதனை. இதற்கு எந்த மெஷினும் வேண்டாம். நம் வீட்டுக்கு வருகிறதே 20 லிட்டர் தண்ணி கேன், அதுதான் எடைக்கல். நிரம்பிய கேன் ஒன்று 20 கிலோ. உங்கள் எடை 60 என்றால் நாலு கேனை ஒவ்வொன்றாகத் தூளிக்குள் இறக்கி, நழுவாமல் ஒரு துப்பட்டாவால் சேர்த்துக் கட்டி, ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். காலையில் முடிச்சு இறுகியிருக்கிறதா, நழுவியிருக்கிறதா, தூண் பூச்சில் புதிதாகக் கீறல் விழுந்திருக்கிறதா, துணியில் தையல் ஓரம் வாய் பிளந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் கேன்களை எடுத்துவிட்டு, கீழே பழைய மெத்தையைப் போட்டுக்கொண்டு முதலில் உட்காருங்கள். படுப்பது அடுத்த நாளைக்கு. "கேனுக்கு வந்த வாழ்வைப் பாரு" என்று வீட்டில் கிண்டல் பண்ணினார்கள். பண்ணட்டும்.

ஏறுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. என் வீட்டுக்காரர் கட்டிலில் ஏறுவது மாதிரி ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்தார். தூளி அந்தப் பக்கம் போனது, அவர் இந்தப் பக்கம் போனார். நல்ல வேளை, மெத்தை இருந்தது. துணியை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, நடுவில் பின்பக்கத்தை வைத்து உட்கார்ந்து, அப்புறம்தான் காலைத் தூக்கித் திரும்ப வேண்டும். உட்கார்ந்தால் நாற்காலி உயரத்தில், ஒன்றரை அடியில், பாதம் தரையில் பதிய வேண்டும். அதற்கு மேல் உயரம் வேண்டவே வேண்டாம். முட்டி வலிக்காரர்களுக்குத் தாழக் கட்டினாலும் கஷ்டம், எழுந்திருக்க முடியாது.

இனி சுகத்துக்கு வருவோம். நேராக, கயிற்றின் வாக்கிலேயே படுத்தால் வாழைப்பழம் மாதிரி வளைந்துவிடுவீர்கள். பத்து நிமிஷத்தில் இடுப்பு சொல்லிவிடும். தலையை ஒரு ஓரத்துக்கும் காலை எதிர் ஓரத்துக்கும் கொண்டுபோய்க் கோணலாகப் படுங்கள். துணி விரிந்து முதுகு கிட்டத்தட்டச் சமமாகிவிடும். யுகாட்டான்காரர்கள் படுப்பது இப்படித்தான். இதற்கு அகலம் வேண்டும். 'ஒருத்தர் படுக்க' என்று மலிவாக விற்கிற ஒடுங்கின சைஸில் கோணலாகப் படுக்க முடியாது, பணம் தண்டம். கால்மாட்டை ஒரு சாண் உயர்த்திக் கட்டினால் ஆள் காலடிப் பக்கம் சறுக்கிக்கொண்டு போகாது. முட்டிக்கு அடியில் ஒரு சின்னத் தலையணை வைத்தேன். அட, அந்த முதல் நாள் எனக்கு வந்த தூக்கத்தை என்னவென்று சொல்ல! ஆனால் ராத்திரி முழுக்க என்றால் புரண்டு படுத்துப் பழகினவர்களுக்குச் சரிப்படாது. குப்புறப் படுக்கிறவர்களுக்குச் சுத்தமாக ஆகாது. மத்தியானம் ஒரு மணி நேரத்துக்கு இதை மிஞ்ச எதுவும் இல்லை என்பது என் தீர்ப்பு. தலைசுற்றல் உள்ளவர்கள், பிள்ளைத்தாய்ச்சிகள், இடுப்பில் ஆபரேஷன் ஆனவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஏற வேண்டாம்.

துணியா வலையா? வலையில் காற்று நன்றாக வருகிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் வலை பின்னியவர் மெட்டியை நினைக்கவில்லை! ஒரு முறை கால் விரல் மெட்டி மாட்டி, இன்னொரு முறை பின்னல் மாட்டி, தாலிக் கொடியும் சிக்கப் போனபோது போதுமடா சாமி என்று ஒரு பழைய கைத்தறிப் புடவையை நாலாக மடித்து மேலே விரித்தேன். அப்புறம் வலைதான் ஜெயித்தது. பாராசூட் துணி சீக்கிரம் காய்கிறது, கனமே இல்லை. ஆனால் நம் மே மாத வெயிலில் முதுகு வேர்த்துக் கொட்டுகிறது. அதிலும் ஒரு பருத்தி விரிப்பு கட்டாயம். நைலான் துணி வெயிலிலேயே கிடந்தால் நாள்பட இற்றுப்போகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கொடித் துணியை எடுப்பது மாதிரி தினமும் அவிழ்த்து எடுத்து வைத்துவிட வேண்டும். பருத்திக்கு வெயில் பரவாயில்லை, மழையில் நனைந்து அப்படியே கிடந்தால் பூஞ்சை பூத்துவிடும்.

மொட்டை மாடியில் பாய் போட்டுப் படுக்கிறவர்களுக்குத் தெரியும், பகலெல்லாம் குடித்த வெயிலைத் தளம் நடு ராத்திரி வரை கக்கிக்கொண்டே இருக்கும். தூளியில் முதுகுக்கு அடியிலும் காற்று ஓடுவதால் அந்தக் கஷ்டம் இல்லை. கரண்ட் போன ராத்திரிகளில் இது பெரிய வரம். இதே காற்றுதான் மலையில் சாபம். என் பையன் ஏலகிரியில் நடுங்கியது இதனால்தான். மேலே எவ்வளவு போர்த்தினாலும் அடியில் குளிர்காற்று சூட்டை எடுத்துக்கொண்டு போய்விடும். குளிர் இடத்துக்குப் போகிற பிள்ளைகளுக்கு இன்னொரு கம்பளியை மேலே போர்த்தக் கொடுக்காதீர்கள், முதுகுக்கு அடியில் போட்டுக்கொள்ளச் சொல்லிக் கொடுங்கள். கொசுவும் அடிப்பக்கமாகத்தான் வருகிறது. மெல்லிய துணி என்றால் துணியோடு சேர்த்துக் கடிக்கிறது நம்ம ஊர்க் கொசு. கொசுவலையைத் தூளியோடு சுற்றிக் கீழேயும் முடிகிற மாதிரி வாங்கினால்தான் பிரயோஜனம்.

வடசென்னையில் இருக்கிற நாம் செய்ய வேண்டிய தனிச் சோதனை ஒன்று உண்டு. கட்டுவதற்கு முந்தின நாள் ஒரு வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து மாடியில் விரித்துக் காயவிடுங்கள். சாயங்காலம் அதன் நிறத்தைப் பாருங்கள். சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்கிக்கொண்டிருந்த காலத்தில் எங்கள் கொடித் துணியெல்லாம் என்ன பாடு பட்டது என்று இந்தப் பக்கத்துப் பெண்களைக் கேட்டால் தெரியும். நீதிமன்றம் சொல்லி 2011-ல் நிலக்கரியை எண்ணூர்ப் பக்கம் மாற்றினார்கள். எங்கள் கொடி கொஞ்சம் வெளுத்தது. எண்ணூர்ச் சகோதரிகளின் கொடி? அவர்களுக்கு அனல்மின் நிலையச் சாம்பல் வேறு ஏற்கெனவே இருந்தது. 2023 டிசம்பரில் எண்ணூரில் ராத்திரி வேளையில் அமோனியா வாயு கசிந்து ஜனங்கள் கண் எரிச்சலும் மூச்சுத் திணறலுமாகத் தெருவுக்கு ஓடி வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். திறந்தவெளியில் காற்றோட்டமாகப் படுங்கள் என்று நான் பாட்டுக்கு எழுதிவிடலாம். படுக்கத் தகுந்த காற்றையும் யாராவது தர வேண்டுமே! துணி கறுத்தால் அன்றைக்கு மாடியில் படுக்காதீர்கள், வீட்டுக்குள் கட்டிக்கொள்ளுங்கள். கறுத்த துணியைத் துவைத்துவிடாமல் எடுத்து வைத்து, வார்டு கவுன்சிலர் வரும்போது காட்டுங்கள்.

பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். சேலைத் தூளியில் ஆடின குழந்தைக்குக் கழுத்து இறுகியது என்கிற செய்தி நம் நாளிதழ்களில் எத்தனை முறை வந்துவிட்டது! பெரும்பாலும் தூளியில் தூங்குகிற கைக்குழந்தை இல்லை, தங்கச்சிப் பாப்பாவின் தூளியில் முறுக்கி முறுக்கி விளையாடுகிற ஏழு வயசு, பத்து வயசுப் பிள்ளைகள். அமெரிக்காவில் 1996-ல், விரித்துப் பிடிக்கும் குறுக்குக் கட்டை இல்லாத வலைத் தூளிகள் சுமார் 30 லட்சத்தைத் திரும்பப் பெற வைத்தார்கள். அங்கேயும் வலை முறுக்கிக்கொண்டு குழந்தைகள் இறந்ததுதான் காரணம். நம் கேம்பிங் ஹாமக்கிலும் குறுக்குக் கட்டை கிடையாது. ஆகவே படுத்து எழுந்ததும் ஒரு பக்கக் கொக்கியை அவிழ்த்துவிடுங்கள். தொங்கவிட்டுவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள். கைக்குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு இதில் கண் அசருவதும் வேண்டாம். வளைந்த துணியில் குழந்தையின் தாடை நெஞ்சில் படிந்து மூச்சு அடைக்கும். குழந்தைக்குச் சமமான படுக்கையில் மல்லாந்த தூக்கம்தான் நல்லது என்றே குழந்தை டாக்டர்கள் சொல்கிறார்கள்.

வெளியூர் போகும்போது மரம் பார்ப்பதும் ஒரு கலை. முருங்கையில் கட்டவே கூடாது, மளுக்கென்று முறியும். தென்னை உறுதிதான், ஆனால் தலைக்கு மேலே காய் தொங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வேம்பு, புங்கன், மா நல்ல பருமனாக இருந்தால் பயமில்லை. மெல்லிய கயிற்றால் கட்டினால் பட்டையை அறுத்துவிடும், நம்மைத் தாங்கின மரத்துக்கு நாம் செய்கிற நன்றி அது இல்லை. இரண்டு விரல் அகலத்துக்குக் குறையாத நாடா உபயோகியுங்கள்.

இவ்வளவையும் படித்துவிட்டு, "எல்லாம் சரி, படுக்க நேரம் ஏது?" என்று கேட்கிறீர்கள், இல்லையா? கேட்பீர்கள் என்று தெரியும். எங்கள் மாடியில் இப்போது நடப்பதையே சொல்கிறேன். சிரித்த பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு மூன்று மணி, எனக்கு மூன்றே முக்கால். குழாயில் தண்ணி வருகிற நாளில் முறை மாறும். அவள் படுத்திருக்கும்போது அவள் பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்கிறேன், நான் படுத்திருக்கும்போது என் அடுப்பில் இருக்கிற பாலை அவள் பார்த்துக்கொள்கிறாள். கீழ் வீட்டு ஆயாவுக்கும் ஆசை வந்திருக்கிறது. அவருக்கு முட்டி மடங்காது. அதனால் இன்னும் நாலு அங்குலம் உயர்த்தி, ஏறி இறங்கப் பிடித்துக்கொள்ள மேலே ஒரு தனிக் கயிறு விட்டுக் கட்டிப் பார்க்கலாம் என்று இருக்கிறோம். முதலில் தண்ணி கேன்கள் படுக்கும், அப்புறம்தான் ஆயா.

– ஒரு வாசகி,
புளியந்தோப்பு, சென்னை-12.